அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் கணினி வாங்கும்போது சுற்றுச்சூழல் தரத்தை எந்த வரிசையில் கேட்பது: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் தனியார் கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், அறவாரியம், டியூஷன் மையம், தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியம் என்று ஏதோ ஒன்றுக்காகப் பத்து, இருபது, ஐம்பது கணினிகளைச் சொந்தப் பணத்தில் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு ஒதுக்கீட்டில் வாங்குகிறவர்களுக்கு நிதியமைச்சின் கொள்முதல் விதிகள் தனியாக இருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்துவிட்டு இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக இறங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். மாடலைத் தேர்ந்தெடுத்து, விலையைக் குறைத்துப் பேசி, எல்லாம் முடிந்த பிறகு, "ஏதாவது பசுமைச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். சப்ளையர் ஏதோ ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார், அது கோப்பில் போய் உட்காருகிறது. விலை பேசி முடித்த பிறகு எதைக் கேட்டாலும் அது உதவி கேட்பது போலத்தான். கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அது நிபந்தனை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இப்போது இருக்கும் கருவிகளின் பட்டியல் வேண்டும்: மாடல், வாங்கிய ஆண்டு, செயலி, ரேம், ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா, யார் எதற்குப் பயன்படுத்துகிறார். பல இடங்களில் இந்தப் பட்டியலே இருப்பதில்லை. ஓர் இளைஞரை உட்காரவைத்து எழுதச் சொன்னால் ஒரு நாளில் முடிந்துவிடும்.

அதோடு கடைசி மின்கட்டண பில், முந்தைய கொள்முதலின் இன்வாய்ஸ், நிர்வாகக் குழுவில் கையெழுத்திடப் போகிறவரின் ஒப்புதல். கடைசியாகச் சொன்னது முக்கியம். "விலை மட்டும் பார்க்கப் போவதில்லை" என்று குழு முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாவிட்டால், பொருளாளர் கடைசிக் கூட்டத்தில் மிகக் குறைந்த விலையைக் காட்டி எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருடைய வேலை அது.

1. வாங்கத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பன் வெளியேற்றத்தின் பெரும்பகுதி, அது பெட்டியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, தொழிற்சாலையில் நடந்து முடிந்துவிடுகிறது. சிப், திரை, மதர்போர்டு ஆகியவற்றைத் தயாரிப்பதில்தான் சுமை. அதனால் எவ்வளவு நல்ல முத்திரை வாங்கிய புதுக்கணினியானாலும், இருப்பதை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதற்கு ஈடாகாது.

இப்போது பலரை வாங்கத் தூண்டுவது விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். உங்கள் பட்டியலை இந்தக் கோட்டின்படி இரண்டாகப் பிரியுங்கள்.

கோட்டுக்கு மேலே இருப்பவற்றில் "ஸ்லோ" என்று ஒதுக்கப்பட்டவை நிறைய இருக்கும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 16 ஜிபி ஆக்கினால் பாதிப் புகார் அடங்கிவிடும். டிபிஎம் இருந்தும் பயோஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அதையும் பார்க்காமல் ஒதுக்காதீர்கள்.

கோட்டுக்குக் கீழே இருப்பவற்றுக்கும் வழி உண்டு. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறலாம். பிரவுசரும் ஆவணமும் மட்டுமே தேவைப்படும் மேசைகளில் லினக்ஸ் போடலாம். வாடிக்கையாளர் விவரம், சம்பளக் கணக்கு ஓடும் கணினியைப் புதுப்பிப்பு இல்லாமல் இணையத்தில் விட்டுவைப்பது மட்டும் வேண்டாம்.

இந்தக் கழித்தலுக்குப் பிறகு மிஞ்சுவதுதான் வாங்க வேண்டிய எண்ணிக்கை. அது முதலில் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தால், மிச்சப்படும் பணத்தை நல்ல வாரண்டிக்குத் திருப்பிவிடலாம்.

2. எத்தனை ஆண்டுக்கு வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மாடலுக்கு முன்னால் ஆண்டு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 2,600 ரிங்கிட்டுக்கு வாங்கி மூன்று ஆண்டில் ஒதுக்கும் கணினியின் அடக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 867 ரிங்கிட். ஐந்து ஆண்டு வாரண்டியோடு 3,100 ரிங்கிட்டுக்கு வாங்கி ஐந்து ஆண்டும் ஓட்டினால் ஆண்டுக்கு 620. பொருளாளரிடம் பேச இந்த ஒரு வரி போதும்.

ஐந்து ஆண்டு ஓட வேண்டும் என்றால் கேட்க வேண்டியவை மாறுகின்றன. ரேமை மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கிறார்களா? எஸ்எஸ்டியைக் கழற்ற முடியுமா? மடிக்கணினியின் பேட்டரியைச் சாதாரணத் திருப்புளியால் மாற்ற முடியுமா, அல்லது பசைபோட்டு ஒட்டியிருக்கிறதா? உதிரிபாகம் எத்தனை ஆண்டுக்கு இந்த நாட்டில் கிடைக்கும்? மடிக்கணினியில் முதலில் போவது பேட்டரிதான். அதை மாற்ற முடியாத மாடலை ஐந்து ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

3. எந்த முத்திரை எதைச் சொல்கிறது

இந்தப் படியில்தான் குழப்பம் அதிகம். நிதானமாகப் படியுங்கள்.

ஈபீட்: குளோபல் எலக்ட்ரானிக்ஸ் கவுன்சில் என்ற அமைப்பு நடத்தும் பதிவேடு. கணினி, திரை, பிரிண்டர் போன்றவற்றுக்குக் கட்டாய நிபந்தனைகளும் விருப்ப நிபந்தனைகளும் வைத்திருக்கிறார்கள். கட்டாயமானவை எல்லாவற்றையும் நிறைவேற்றினால் வெண்கலம், கூடவே விருப்பப் புள்ளிகளில் 50 விழுக்காடு எடுத்தால் வெள்ளி, 75 விழுக்காடு எடுத்தால் தங்கம். நச்சுப்பொருள், மின்சாரம், மறுசுழற்சி, பழுதுபார்ப்பு, தயாரிப்பாளரின் பொறுப்பு என்று பல பக்கத்தையும் பார்க்கிறது. இதில் பதிவு நாடுவாரியாக நடக்கிறது என்பதை மறக்காதீர்கள். அமெரிக்காவில் தங்கமாக இருக்கும் மாடல் வேறொரு நாட்டில் பதிவாகாமலே இருக்கலாம்.

டிசிஓ சர்ட்டிஃபைட்: சுவீடனிலிருந்து வருவது. சான்று கொடுக்கும் முன்பே சுயேச்சையான ஆய்வாளர் சோதித்திருக்க வேண்டும். நாடுவாரியாகப் பிரிக்காமல் மாடலுக்கே சான்று தருகிறார்கள். தொழிற்சாலைத் தொழிலாளர் நிலைமையையும் பார்க்கிறார்கள். திரைகளில் இந்த முத்திரை எளிதாகக் கிடைக்கும், அதனால் திரைக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எனர்ஜி ஸ்டார்: மின்சாரம் மட்டும். கணினி அணைந்த நிலை, உறக்க நிலை, சும்மா இருக்கும் நிலை ஆகியவற்றில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, ஆண்டுக்கு இத்தனை கிலோவாட் மணி என்று ஓர் எண் தருகிறார்கள். இரண்டு மாடலை ஒப்பிட அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நச்சுப்பொருள், பழுதுபார்ப்பு பற்றி இது எதுவும் சொல்லாது.

மைஹிஜாவ்: நம் நாட்டின் பசுமைப் பொருள், சேவைகளுக்கான அடையாளம். அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் வைத்திருக்கும் பொருள்களை அதன் இணையப் பட்டியலில் தேடலாம். அரசின் பசுமைக் கொள்முதலும் இந்தப் பட்டியலோடு இணைந்ததுதான். எல்லாக் கணினியும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருந்தால் கூடுதல் புள்ளி கொடுங்கள்.

சரி, இனி சுற்றுச்சூழல் தரம் என்று நினைத்து ஏமாறுபவை.

நம் நாட்டின் தரச்சான்று அமைப்பான சிரிமின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று காட்டுவார்கள். வைஃபை உள்ள கருவிகளில் நாம் பார்க்கும் சிரிம், எம்சிஎம்சி (தொலைத்தொடர்பு ஆணையம்) ஸ்டிக்கர் தொலைத்தொடர்புக் கருவிக்கான சான்று. சிரிம் தனியாக ஒரு சூழல் முத்திரைத் திட்டமும் நடத்துகிறது, இரண்டும் ஒன்றில்லை.

ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் அடிக்கடி வரும். நிறுவனம் தன் சுற்றுச்சூழல் நிர்வாக முறையை ஒழுங்காக வைத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அங்கே தயாராகும் குறிப்பிட்ட கணினி எப்படிப்பட்டது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

ஆர்ஓஎச்எஸ் ஐரோப்பியச் சட்டம். ஈயம், பாதரசம் உட்பட பத்துப் பொருள்களுக்கு வரம்பு வைக்கிறது: பெரும்பாலானவற்றுக்கு 0.1 விழுக்காடு, காட்மியத்துக்கு 0.01. நல்ல சட்டம்தான், ஆனால் பெரிய பிராண்டுகள் எல்லாமே இதை நிறைவேற்றுபவை. குறைந்தபட்சத் தகுதியாக வையுங்கள், புள்ளி கொடுக்காதீர்கள்.

80 பிளஸ் கோல்டு என்பது பவர் சப்ளையின் திறன். "சார், இது கோல்டுதான்" என்று சப்ளையர் சொன்னால், எந்தக் கோல்டு என்று கேளுங்கள். ஈபீட் தங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினிக்கு ஈபீட் இருக்காது, ஏனென்றால் முத்திரை மாடலுக்குத்தான். அப்படித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பவர் சப்ளைக்கு 80 பிளஸ், திரைக்கு டிசிஓ என்று பாகவாரியாகக் கேளுங்கள். பழுதுபார்க்க அவை மிக வசதி என்பதையும் கணக்கில் எடுங்கள்.

4. கொட்டேஷன் கேட்கும் கடிதத்தை எழுதுங்கள்

மூன்று சப்ளையருக்கும் ஒரே கடிதம், ஒரே நாளில். நீங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் அனுப்புவீர்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்.

"வழங்கும் ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளரின் முழுப் பார்ட் நம்பரைக் குறிப்பிடவும்." தொடர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே தொடரில் வேறு செயலி, வேறு பவர் அடாப்டர், வேறு திரை வரும். சான்று ஒன்றுக்கு, வந்து இறங்குவது இன்னொன்று என்று ஆகிவிடும்.

"ஈபீட் வெள்ளி அல்லது அதற்கு மேல், அல்லது டிசிஓ சர்ட்டிஃபைட், அல்லது அதற்கு இணையான, சுயேச்சையாகச் சரிபார்க்கப்பட்ட சான்று வேண்டும். பதிவேட்டில் அந்த மாடல் இருக்கும் பக்கத்தின் இணைப்பைத் தரவும்." "அதற்கு இணையான" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒரே பிராண்டுக்காக எழுதிய கடிதம் என்று மற்ற சப்ளையர்கள் புகார் சொல்ல இடம் கிடைக்கும். "சுயேச்சையாக" என்பதையும் விடாதீர்கள். அது இல்லாவிட்டால் தயாரிப்பாளர் தானே அச்சடித்த பச்சை இலைப் படம் வந்து சேரும்.

"மாடல் மாறினால், மாற்று மாடலும் இதே சான்றைக் கொண்டிருக்க வேண்டும், எழுத்துமூல ஒப்புதல் இன்றி மாற்றக்கூடாது." ஸ்டாக் இல்லை, அதே விலையில் இதைவிட நல்லது தருகிறோம் என்று கடைசி வாரத்தில் போன் வரும். இந்த வரி அதற்காக.

பிறகு வாரண்டி ஆண்டு, உதிரிபாகம் கிடைக்கும் ஆண்டு. மடிக்கணினிக்கு 300 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரி 80 விழுக்காடு தாங்க வேண்டும் என்று எழுதுங்கள். அட்டைப் பெட்டி, நுரையை டெலிவரி அன்றே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேருங்கள்.

கடைசியாகப் பழையதைத் திரும்ப எடுப்பது. "எங்களிடம் உள்ள இத்தனை பழைய கருவிகளை, சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற மீட்பு நிலையத்துக்கு அனுப்பி, அதற்கான ஆவணங்களைத் தர வேண்டும், செலவைத் தனி வரியாகக் காட்டவும்." மீட்பு நிலையம் என்பது மின்கழிவைப் பிரித்துப் பயனுள்ளதை மீட்டெடுக்கும் இடம். புதுக்கணினிக்கான ஆர்டர் கையில் இருக்கும்போதுதான் சப்ளையர் இதற்கு ஒத்துக்கொள்வார். பணம் கைமாறிய பிறகு கேட்டால், லோரி அனுப்பத் தனிக் கட்டணம் சொல்வார்.

5. சான்றை நீங்களே சரிபாருங்கள்

சப்ளையர் அனுப்பும் பிடிஎஃபை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய சான்று, வேறு மாடலின் சான்று, வேறு நாட்டுப் பதிவு என்று மூன்று வகையிலும் வரும். பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதிக்கே வித்தியாசம் தெரியாது.

ஈபீட், டிசிஓ, எனர்ஜி ஸ்டார் மூன்றுக்கும் இணையத்தில் இலவசப் பதிவேடு இருக்கிறது. கொட்டேஷனில் உள்ள மாடலைத் தட்டிப் பாருங்கள். ஈபீட் என்றால் நாட்டையும் தேர்ந்தெடுங்கள்; பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்த நிலை, எந்த வகைக் கருவி என்று பாருங்கள். டிசிஓ என்றால் எந்தத் தலைமுறைச் சான்று என்று கவனியுங்கள், எண் கூடக்கூட நிபந்தனையும் கடுமையாகும்.

அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பதிவேடு மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு தணிக்கையாளர் கேட்கும்போது அந்த மாடல் பட்டியலில் இல்லாமல் போயிருக்கலாம்.

மலேசியப் பதிவு இல்லாமல் வேறு நாட்டுப் பதிவு மட்டும் இருந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். இங்கே விற்கும் பார்ட் நம்பரும் அங்கே பதிவானதும் ஒரே அமைப்புதான் என்று தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் கேளுங்கள். கடிதம் சப்ளையரின் லெட்டர்ஹெட்டில் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

திங்க்பேட், எலைட்புக், டெல் புரோ (முன்பு லாட்டிட்யூட்) போன்ற வணிகத் தொடர்களில் சான்று கிடைப்பது எளிது. கடையில் ஆஃபர் போட்டு விற்கும் வீட்டு மாடல்களில் அரிது. நேரம் மிச்சம் பிடிக்க வணிகத் தொடரிலிருந்தே தேடத் தொடங்குங்கள். புதுப்பித்து விற்கும் பழைய வணிக மடிக்கணினிகளையும் நான் சிறு சங்கங்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ் 11 கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், பேட்டரி அறிக்கை காட்ட வேண்டும், ஓராண்டாவது வாரண்டி வேண்டும். இந்த மூன்றும் போதும்.

6. விலையோடு சேர்த்துப் புள்ளி போடுங்கள்

கட்டாய நிபந்தனையில் தவறியவர்களை முதலில் நீக்குங்கள். விலையைப் பார்த்த பிறகு நீக்கினால் மனம் வராது. மிஞ்சியவர்களின் விலையை, 2-ஆம் படியில் சொன்னபடி ஆண்டுக் கணக்காக்கி ஒப்பிடுங்கள். பழையதைத் திரும்ப எடுக்கும் செலவும் அதில் சேரட்டும். தங்கம், மைஹிஜாவ், கூடுதல் உதிரிபாக ஆண்டு ஆகியவற்றுக்குச் சிறு புள்ளி போதும். பத்துப் பக்கப் புள்ளி அட்டவணை போடுகிறவர்கள் கடைசியில் அதை யாரும் பார்க்காமல் விலையையே பார்க்கிறார்கள்.

7. டெலிவரி நாளில்

பெட்டியின் மேலுள்ள பார்ட் நம்பரைப் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இரண்டு பெட்டியை மட்டும் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. மாறிப்போனது மூன்றாவது பெட்டியில் இருக்கும்.

அப்புறம் உறக்க நிலை. எனர்ஜி ஸ்டார் கணினி உறக்க அமைப்போடுதான் வரும். நம் டெக்னீஷியன் அலுவலக மென்பொருளை ஏற்றும்போது அதை அணைத்துவிடுவார், இரவில் அப்டேட் ஓடட்டும் என்று. 40 கணினி, சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் 40 வாட் என்று வைத்துக்கொண்டால், இரவுக்கு 14 மணி நேரம், ஆண்டுக்கு 250 இரவு: 5,600 கிலோவாட் மணி. உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். திரை 10 நிமிடத்தில் அணையட்டும், கணினி 30 நிமிடத்தில் உறங்கட்டும். அப்டேட்டுக்கு வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

பிரிண்டரும் கூட வந்திருந்தால் இருபக்க அச்சைத் தானாக இருக்கும்படி வைத்துவிடுங்கள். வகுப்பறைக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்கியிருந்தால் அதற்கு மட்டும் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர லேபிளைப் பாருங்கள். கணினியில் அதைத் தேட வேண்டாம்.

8. பழையவற்றை வெளியேற்றுவது

முதலில் தரவு. உறுப்பினர் அடையாள அட்டை எண், மாணவர் விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பழைய டிஸ்குக்கும் பொருந்தும். ஹார்ட் டிஸ்கை முழுவதும் மேலெழுதி அழிக்கலாம். எஸ்எஸ்டிக்கு அது நம்பகமில்லை. தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஃபார்மேட் செய்தால் போதும் என்பது தவறு.

அடுத்து, ஓடுவதையும் ஓடாததையும் பிரியுங்கள். ஓடுவது கழிவு ஆகாது. தானமாகக் கொடுக்கலாம், ஆனால் பெறுகிறவர் கேட்டதை மட்டும். தமிழ்ப்பள்ளிக்குப் பத்துப் பழைய கணினி என்று படம் பிடித்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவற்றில் பாதியை அந்தப் பள்ளி எப்படி அகற்றுவது என்று தெரியாமல் ஸ்டோரில் அடுக்கி வைக்கிறது. அரசுச் சொத்துப் பதிவேட்டில் ஏறியதை யாரும் நினைத்தபடி தூக்கிப்போடவும் முடியாது, அதற்குத் தனி நடைமுறை உண்டு.

ஓடாதவை சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) விதிமுறைகளில், மின்கழிவுக்கான எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும். அதைச் சேர்த்து வைக்கும் காலவரம்பு 180 நாள், அளவு வரம்பு 20 டன். இஸ்விஸ் என்ற இணைய முறையில் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவித்து, அனுப்பும் சரக்குக் குறிப்பையும் அதிலேயே பதிய வேண்டும். உரிமம் பெற்ற மீட்பு நிலையங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உண்டு, பினாங்கிலும் உண்டு. உரிமத்தில் எஸ்டபிள்யூ 110 இருக்கிறதா, காலாவதி எப்போது என்று பாருங்கள்.

ஒலிபெருக்கியோடு வரும் பழைய பேப்பர் லோரிக்குக் கொடுத்தால் கையில் கொஞ்சம் காசு வரும். அவர்கள் தாமிரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கே போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் சொத்து எண் ஒட்டிய பெட்டி மட்டும் அங்கே கிடக்கும். "வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல், நாடுவிட்டு நாடு கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின்படி எல்லா மின்கழிவுக்கும், நச்சுள்ளதோ இல்லாததோ, பெறும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும்.

வீங்கிய மடிக்கணினி பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, தாள், அட்டைப் பெட்டிகளிலிருந்து தள்ளி, வெயில் படாத இடத்தில் தனியாக வையுங்கள். எடுக்க வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் தனிப் பெட்டி கொண்டுவர வேண்டியிருக்கும்.

எடுத்துச் சென்ற பிறகு சரக்குக் குறிப்பின் நகல், தரவு அழித்த பட்டியல், கருவிகளின் வரிசை எண்கள் மூன்றையும் சொத்துப் பதிவேட்டில் அந்தந்தக் கருவிக்கு நேரே குறித்து, பதிவை மூடுங்கள். புதியவற்றின் பார்ட் நம்பரும் வாரண்டி முடியும் தேதியும் அதே நாளில் ஏறட்டும்.